முடிவு எடுத்தது யாரு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகர் "ரெண்டாம் உலகப் போரை முடிச்சு வச்சதே அணுகுண்டுதானே"ன்னு கேட்டிருந்தார். நானும் இடம் இல்லாம "அவ்ளோ சுலபமா சொல்லிட முடியாது"ன்னு ஒரே வரில தப்பிச்சுட்டேன். விட்டீங்களா நீங்க? மெயில், வாட்ஸ்அப், ரெண்டு இன்லேண்ட் லெட்டர் (இன்னமும் இன்லேண்ட் லெட்டர் எழுதற புண்ணியவான்கள் இருக்காங்க), எல்லாத்துலயும் திட்டு. அதனால இந்த தடவை சினிமா கேள்வி, சமையல் கேள்வி எதுவும் இல்ல, முழுக்க ஹிரோஷிமா, நாகசாகிதான்.

கேள்வி: முப்பது வருஷம் வரலாறு பாடம் எடுத்தவன் நான். குண்டு போடலன்னா ஜப்பான்ல தரையிறங்கி சண்டை போட்டு பத்து லட்சம் அமெரிக்க சிப்பாய்ங்க செத்திருப்பாங்கன்னுதான் பசங்களுக்கு சொல்லிக் குடுத்தேன். தப்பா? – ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சி

தப்புன்னு சொல்ல மாட்டேன் சார், ஆனா அந்த பத்து லட்சம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க. 1947 பிப்ரவரில, அதாவது குண்டு போட்டு ஒன்றரை வருஷம் கழிச்சு, போர்க்காலத்துல போர்த்துறை அமைச்சரா இருந்த ஹென்றி ஸ்டிம்சன் ஒரு பத்திரிகைல நீளமா எழுதறார், அதுலதான் அமெரிக்கப் படைக்கு மட்டும் பத்து லட்சத்துக்கு மேல சேதம் ஆகியிருக்கும்னு வருது. சேதம்னா செத்தவன், காயம்பட்டவன், காணாம போனவன் எல்லாரும் சேர்த்தி. அது வாய்க்கு வாய் மாறி "பத்து லட்சம் சாவு"ன்னு ஆயிடுச்சு. 1945 ஜூன் 18ல வெள்ளை மாளிகைல அதிபர் ட்ரூமன் முன்னாடி தளபதிங்க உக்காந்து பேசினாங்க, அப்ப தரைப்படைத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் சொன்னது, ஜப்பானோட கியூஷு தீவுல இறங்கினா முதல் முப்பது நாள்ல பிலிப்பைன்ஸோட லூசான் சண்டைல குடுத்த விலையைத் தாண்டாதுன்னு. லூசான் கணக்கு 31 ஆயிரம், அதுவும் சேதம்தான், சாவு மட்டும் இல்ல. வேற ஆபீஸ்ல வேற ஆளுங்க இதைவிட பல மடங்கு பெருசாவும் கணக்கு போட்டு வச்சிருந்தாங்க, அதையும் சொல்லணும்ல.

அதுக்காக அந்த பயமே பொய்னு சொல்லிட முடியாது. ஒகினாவால 1945 ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் நடந்த சண்டைல அமெரிக்கர் 12 ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்க, அந்தத் தீவு ஜனம் மட்டும் ஒரு லட்சம் பக்கத்துல போச்சு. அதைப் பாத்துட்டு வந்த சிப்பாய்கிட்ட "குண்டு போடட்டுமா, நீ கரையேறுறியா"ன்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்? நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

என் சண்டை எல்லாம் "இல்லன்னா"ங்கற அந்த ஒத்த வார்த்தையோடதான் சார். தரையிறங்க குறிச்சிருந்த தேதி நவம்பர் 1. ஆகஸ்ட் 6க்கும் அதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட மூணு மாசம் கெடக்கு. கடல் வழியை அடைச்சாச்சு, ஜப்பான்ல சோத்துக்கே திண்டாட்டம், சோவியத் தலைவர் ஸ்டாலின் நானும் போருக்கு வரேன்னு வாக்கு குடுத்துட்டார், இன்னும் ஒண்ணு பாக்கி இருந்துச்சு, "உங்க பேரரசரை விட்டு வைக்கறோம்"னு ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை ஸ்டிம்சனே ஜூலை 2ல எழுதிக் குடுத்தார். ஜூலை 26ல ஜப்பானை சரணடையச் சொல்லி போட்ஸ்டாம் அறிக்கை வெளியானப்ப அது காணோம். கடைசில என்னாச்சு, ரெண்டு குண்டும் போட்டாங்க, பேரரசரையும் அப்படியே விட்டு வச்சாங்க. இது மட்டும் எனக்கு தொண்டைல மாட்டின மீன் முள்ளு மாதிரி இருந்துட்டே இருக்கு.

கேள்வி: குண்டு போட முடிவு எடுத்தது அதிபர் ட்ரூமன்தானே? எக்ஸாம்ல அப்படித்தான் எழுதினேன். – கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

எக்ஸாமுக்கு அது போதும்மா, மார்க் போட்டுருவாங்க. ஆனா அந்த "முடிவை"த் தேடிப் போனா கைல ஒண்ணும் சிக்காது. அதிபர் ரூஸ்வெல்ட் இறந்தது 1945 ஏப்ரல் 12. அதுவரைக்கும் துணை அதிபரா இருந்த ட்ரூமனுக்கு இந்த அணுகுண்டு திட்டத்தைப் பத்தி யாரும் விளக்கமா சொல்லி வைக்கல, ஏப்ரல் 25ல தான் ஸ்டிம்சனும் திட்டத்தை நடத்தின ஜெனரல் க்ரோவ்ஸும் வந்து விவரமா சொல்றாங்க. அதுக்குள்ள செலவு இருநூறு கோடி டாலரை நெருங்கிட்டு இருக்கு, லட்சத்துக்கும் மேல ஆளுங்க வேலை பாக்கறாங்க, அதுல முக்காவாசி பேருக்கு தாங்க எதைச் செய்யறோம்னே தெரியாது. பந்தல் போட்டு, பத்திரிகை குடுத்து, சமையல்காரர் அடுப்பு பத்த வச்சப்புறம் பெரியப்பாவைக் கூப்பிட்டு "உங்களுக்கு சம்மதம்தானே"ன்னு கேக்கற மாதிரி.

போடலாமா வேணாமான்னு உக்காந்து பேசின கூட்டம்னு ஒண்ணு இருக்கும்னு நினைப்போம். மே கடைசில, ஜூன் 1ல எல்லாம் ஒரு குழு கூடுச்சு, அங்க பேச்சு பூராவும் எப்படி போடறதுங்கறது பத்திதான். எச்சரிக்கை இல்லாம, சீக்கிரமா, தொழிலாளிங்க வீடுகள் நெருக்கமா சூழ்ந்திருக்கற ஒரு போர்த் தொழிற்சாலை மேல போடணும்னு முடிஞ்சுது. இந்த வரியை ரெண்டு தடவை படிச்சுப் பாரு. தொழிற்சாலைதான் குறின்னா, வீடு எதுக்கு அந்த வாக்கியத்துல வருது?

உத்தரவு எழுதினது ஜூலை 25. கையெழுத்து தாமஸ் ஹேண்டிங்கற தளபதியோடது. ஆகஸ்ட் 3க்கு மேல வானிலை ஒத்துழைக்கறப்ப ஹிரோஷிமா, கோகுரா, நிகாட்டா, நாகசாகி நாலுல ஒண்ணுல போடுங்க, அடுத்தடுத்த குண்டு தயாராக தயாராக மத்த ஊர்லயும் போடுங்க. அவ்ளோதான். நாகசாகிக்குன்னு தனியா யாரும் யார்கிட்டயும் பெர்மிஷன் கேக்கல. அது 11ம் தேதிக்கு வச்சிருந்தது, வானம் மூடிக்கும்னு ரிப்போர்ட் வந்ததால 9க்கு முன்னாடி தள்ளினாங்க. கேலண்டரை மாத்தினது மழை மேகம்.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே ஜூலை 25ல ட்ரூமன் தன் டைரில எழுதறார், குறி ராணுவமா இருக்கணும், பெண்களும் குழந்தைகளும் இல்லன்னு ஸ்டிம்சன்கிட்ட சொல்லிட்டேன்னு. ஹிரோஷிமால ராணுவத் தலைமையகம் இருந்தது நெஜம்தான், கூடவே மூணு லட்சம் ஜனமும் இருந்துச்சே. மனுஷன் தன்னையே ஏமாத்திக்கிட்டாரா, இல்ல அவருக்கு சொன்னவங்க அப்படி சொன்னாங்களா, எனக்கு இன்னும் ஒரு பக்கமா சாய முடியல.

ஆகஸ்ட் 10ல வந்த தகவல் அடுத்த குண்டு 17, 18 வாக்குல தயாராயிடும்னு. அன்னிக்குதான் அவர் சொன்னார், என் நேரடி உத்தரவு இல்லாம இனி போடக் கூடாதுன்னு. அமைச்சரவைல இருந்த ஹென்றி வாலஸ் தன் டைரில குறிச்சு வச்சிருக்கார், இன்னொரு லட்சம் பேரை அழிக்கறதை நினைச்சாலே தாங்கல, அத்தனை குழந்தைகளைக் கொல்றது புடிக்கலன்னு ட்ரூமன் சொன்னதா. என்னைக் கேட்டா ட்ரூமன் எடுத்த முடிவுன்னு ஒண்ணு இருக்குன்னா அது இது மட்டும்தான், நிறுத்தினது. போட்டது யாரும் குறுக்க விழாததால தானா உருண்டு போனது. ஆனா எக்ஸாம்ல இதை எழுதாதே.

கேள்வி: ஸ்டிம்சன் ஹனிமூன் போன ஊருங்கறதால கியோட்டோவை விட்டுட்டாராமே? – சேலம்

யூடியூப்ல பாத்தீங்களா? அவருக்கு கல்யாணம் ஆனது 1893, கியோட்டோவைப் பாத்தது 1920கள்ல. ஹனிமூன் எல்லாம் யாரோ கட்டிவிட்டது. குண்டு போடற ஊர்ப் பட்டியல்ல முதல் வரிசைல இருந்த ஊர் அது, ஜப்பானோட பழைய தலைநகரம், அவர்தான் அடம் புடிச்சு அடிச்சார், திரும்பத் திரும்ப ராணுவத்துக்காரங்க சேர்க்க, இவர் அடிக்க. கோயில், கலாசாரம் எல்லாம் காரணம்தான், ஆனா டைரில இன்னொண்ணும் இருக்கு, இந்த ஊரை அழிச்சா ஜப்பான்காரன் நம்ம மேல தீராத வன்மம் வச்சு ரஷ்யா பக்கம் சாய்ஞ்சிருவான்னு. கியோட்டோ போன காலி இடத்துல ஜூலை கடைசில நுழைஞ்ச பேருதான் நாகசாகி.

கேள்வி: பசுக்கள், பெண்கள், நோயாளிகள் எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்குப் போயிடுங்க, அம்பு விடப் போறோம்னு அறிவிச்சுட்டு போருக்குப் போன பாண்டியனை சங்கப் பாட்டு புகழுது. அமெரிக்கா அப்படி ஏதாவது அறிவிச்சுதா? – தமிழ் முதுகலை மாணவர், தஞ்சாவூர்

தம்பி, முதல்ல ஒண்ணு. அது ராஜாவைப் பாடின புகழ்ச்சிப் பாட்டு, போர்க்கள ரிப்போர்ட் இல்ல. அதே புறநானூறுத் தொகைல எதிரி ஊரையும் வயலையும் கொளுத்தினதைப் புகழற பாட்டும் இருக்கு, அதையும் நீங்க படிச்சிருப்பீங்க. ஆனா இப்படி ஒரு நெனைப்பு அன்னிக்கே இருந்துச்சேங்கறது பெரிய விஷயம்தான்.

அமெரிக்கா பொதுவா நோட்டீஸ் போட்டுது, உங்க ஊர்கள் குண்டுவீச்சுக்கு ஆளாகும் வெளியேறுங்கன்னு நிறைய ஊர்ல விமானத்துலேர்ந்து தூவினாங்க. போட்ஸ்டாம் அறிக்கைலயும் சரணடையலன்னா உடனடியா முழு அழிவுன்னு இருந்துச்சு. இப்படி ஒரு புது ஆயுதம் இருக்குன்னு மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. அணுகுண்டுன்னு சொல்லியே நோட்டீஸ் அடிச்சது ஹிரோஷிமாவுக்கு அப்புறம்தான், நாகசாகிக்கு உண்டான பங்கு போய்ச் சேர்ந்தது ஆகஸ்ட் 10. குண்டு விழுந்தது 9ம் தேதி காலைல 11.02க்கு.

சொல்லிப் பாத்தவங்க இருந்தாங்க. இதே திட்டத்துக்காக சிகாகோல வேலை பார்த்த விஞ்ஞானிங்க ஜேம்ஸ் ஃப்ராங்க் தலைமைல ஜூன்ல ஒரு அறிக்கை குடுத்தாங்க, பாலைவனத்துலயோ ஆளில்லாத தீவுலயோ உலக நாடுகள் முன்னாடி வெடிச்சுக் காட்டுங்கன்னு. லியோ ஸிலார்டுனு ஒருத்தர், இந்த ஆராய்ச்சியையே ஆரம்பிச்சு வைக்க ரூஸ்வெல்ட்டுக்கு கடுதாசி போக வச்ச ஆளு, அவரே ஜூலை 17ல 70 பேர் கையெழுத்தோட ஒரு மனு எழுதினார். அது ட்ரூமன் கைக்குப் போகவே இல்ல. எதிர்க்கட்சி வாதமும் இருக்கு, காட்டறேன்னு கூட்டிட்டு போய் குண்டு புஸ்ஸுன்னு போயிட்டா? இந்த எடத்துல போடறோம்னு முன்னாடியே சொன்னா கைதிங்களைக் கொண்டாந்து அங்க நிறுத்திட்டா? குண்டு செஞ்ச விஞ்ஞானிங்க ஓப்பன்ஹைமர், ஃபெர்மி எல்லாம் இருந்த குழுவும் காட்டறதால போர் முடியும்னு எங்களுக்குத் தோணலன்னுதான் எழுதிக் குடுத்தது. இது முழுக்க நொண்டிச் சாக்குன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா முயற்சியாவது பண்ணிப் பாத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 6 காலைல ஹிரோஷிமால நடந்ததைக் கேளுங்க. ஏழு மணி சுமாருக்கு வானிலை பாக்க வந்த ஒரு விமானத்தைப் பாத்து சங்கு ஊதினாங்க, அது போனதும் 7.31க்கு ஆபத்து நீங்கிடுச்சுன்னு அறிவிச்சாங்க. ஜனம் பதுங்கு குழிலேர்ந்து வெளிய வந்து வேலைக்குப் போச்சு. நெருப்பு பரவாம இருக்க வீடுகளை இடிச்சு வழி விடற வேலைக்கு பள்ளிக்கூடப் பசங்களை, பன்னெண்டு பதிமூணு வயசுப் புள்ளைங்களை, தெருவுல எறக்கி விட்டிருந்தாங்க. 8.15க்கு குண்டு. அந்தப் புள்ளைங்கள்ல ஆறாயிரம் பேர் பக்கத்துல செத்தாங்க.

கேள்வி: எங்க தாத்தாவோட அண்ணனை எஸ்டேட்லேர்ந்து ஜப்பான்காரன் சயாம் ரயில் போட புடிச்சிட்டுப் போனான், திரும்பி வரவே இல்ல. "அந்தக் குண்டு விழலன்னா மிச்சம் இருந்தவங்களையும் கொண்டு போயிருப்பான்"னு எங்க பாட்டி சாகற வரைக்கும் சொல்லும். ஹிரோஷிமாவுக்கு அழறவங்க எங்க ஆளுங்களுக்கு ஏன் அழல? – கிள்ளான், மலேசியா

ஐயா, வந்த கடிதத்துலயே இதுக்குத்தான் நான் ரொம்ப நேரம் பதில் எழுதாம உக்காந்திருந்தேன்.

தெரியாதவங்களுக்காக சொல்றேன். தாய்லாந்துலேர்ந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சான் ஜப்பான். அதுல வேலை செஞ்ச வெள்ளைக்காரப் போர்க்கைதிங்க 60 ஆயிரம் பேருக்கு மேல, அதுல 12 ஆயிரம் பேர் செத்தாங்க. அவங்களுக்கு காஞ்சனபுரில வரிசையா கல்லறை, ஒவ்வொண்ணுலயும் பேரு, புல்லு வெட்டி பூச்செடி வச்சு பராமரிக்கறாங்க. ஆசியத் தொழிலாளிங்க, மலாயாத் தோட்டத்துத் தமிழர், பர்மாக்காரர், ஜாவாக்காரர்னு, ஒண்ணே முக்கால் லட்சத்துக்கும் மேல, அதுல செத்தவங்க 90 ஆயிரம் பக்கத்துலன்னு கணக்கு. காலரா வந்தா குடிசையோட போச்சு. பேர் எழுதின கல்லு அவங்களுக்குக் கிடையாது. உங்க பெரிய தாத்தா எங்க கெடக்கார்னு யாருக்கும் தெரியாது.

உங்க பாட்டி சொன்னதுதான் குண்டுக்கு ஆதரவா இருக்கற வாதத்துலயே கனமானது. அமெரிக்க சிப்பாய் கணக்கை விட கனம். ஜப்பான் புடிச்சு வச்சிருந்த சீனா, வியட்நாம், இந்தோனேசியா, மலாயா எல்லாத்துலயும் ஒவ்வொரு மாசமும் ஜனம் செத்துட்டே இருந்துச்சு, போர் ஒரு மாசம் நீண்டாலும் அந்தக் கணக்கு ஏறும். குண்டு தப்புன்னு சொல்றவங்க இதைத் தாண்டித்தான் போகணும், சுத்திக்கிட்டுப் போகக் கூடாது. உங்க பாட்டி நிம்மதிப் பெருமூச்சு விட்டதை தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனா உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும், நீங்களே யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு ஹிரோஷிமால பல்லாயிரம் கொரியாக்காரங்க இருந்தாங்க. கொரியா அப்ப ஜப்பானோட காலனி. பொழைக்க வந்தவங்க கொஞ்சம், தொழிற்சாலை வேலைக்கு வற்புறுத்திக் கொண்டாந்தவங்க கொஞ்சம். அதாவது ஊர் வேற, பாஷை வேற, மத்தபடி உங்க பெரிய தாத்தாதான். அவங்கள்ல ஆயிரக்கணக்குல அந்த ஒத்த காலைல போயிட்டாங்க. தப்பிச்சவங்க ஊர் திரும்பினா, ஜப்பான் அரசாங்கம் பாதிக்கப்பட்டவங்களுக்குக் குடுத்த வைத்திய உதவி வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குக் கிடையாதுன்னு ரொம்ப வருஷம் இழுத்தடிச்சுது. 1970ல அவங்களுக்கு நினைவுச் சின்னம் வச்சாங்க, அதுவும் அமைதிப் பூங்காவுக்கு வெளிய, உள்ள கொண்டு வர 1999 ஆச்சு. செத்தப்புறமும் சேரி தனியா. ஹிரோஷிமால கைதியா இருந்த அமெரிக்க சிப்பாய்ங்க பன்னெண்டு பேரும் செத்தாங்க, சொந்த நாட்டுக் குண்டுல. ரயில் போட ஆள் புடிச்ச அதிகாரியையும் புடிச்சுட்டு வரப்பட்ட கூலியையும் அந்தக் குண்டு பிரிச்சுப் பாக்கல, பாக்கவும் முடியாது.

உங்க ஆளுங்களுக்கு ஏன் அழலன்னா, அழ யாரும் எழுதி வைக்கல. அது எங்க குத்தம், தமிழ்ல எழுதறவங்க குத்தம். கிள்ளான்ல, ஈப்போல வயசானவங்க யாராவது இன்னும் இருந்தா போன்ல ரெக்கார்டாவது பண்ணி வைங்க.

கேள்வி: டோக்கியோல சாதாக் குண்டுலயே லட்சம் பேர் செத்தாங்களே, அப்ப அணுகுண்டை மட்டும் ஏன் தனியா வச்சுப் பேசணும்? – மதுரை

கரெக்டா புடிச்சீங்க. 1945 மார்ச் 9 ராத்திரி, விடிஞ்சா 10, அமெரிக்காவோட பி-29 குண்டுவீச்சு விமானங்க முன்னூறு பக்கத்துல வந்து டோக்கியோ மேல நேபாம் நெருப்புக் குண்டு போட்டுச்சு. மர வீடுங்க. ஒரே ராத்திரில ஒரு லட்சம் பேர் பக்கத்துல, பத்து லட்சம் பேருக்கு வீடு இல்ல. அதுக்கப்புறம் ஊர் ஊரா அறுபதுக்கு மேல. ஹிரோஷிமால அந்த வருஷக் கடைசிக்குள்ள செத்தவங்க 1 லட்சத்து 40 ஆயிரம்னு கணக்கு, நாகசாகில 70 ஆயிரத்துக்கு மேல. நம்பரை மட்டும் பாத்தா டோக்கியோவும் அதே ரகம்தான். ஜப்பானும் சீனாவோட சோங்சிங் மேல இதையே முன்னாடி பண்ணினவன்தான். ஊர் ஜனத்தை எரிக்கறது யுத்த தந்திரம்னு மார்ச்லயே ஒத்துக்கிட்டாச்சு, ஆகஸ்ட்ல ஆளுங்க அதிர்ச்சி ஆகாததுக்குக் காரணமே அதுதான். வித்தியாசம்னா, டோக்கியோவுக்கு விமானம் முன்னூறு வேணும், இதுக்கு ஒண்ணு போதும். அப்புறம் கதிர்வீச்சு. நெருப்புல தப்பிச்சவன் தப்பிச்சவன்தான், இதுல தப்பிச்சவன் பத்து வருஷம் கழிச்சும் சாவான்.

கேள்வி: சரணடைஞ்சதுக்கு காரணம் குண்டா, ரஷ்யாவா? ஆபீஸ்ல இதை வச்சு ஒரு சண்டையே நடந்துச்சு. – ஐடி ஊழியர், பெங்களூரு

ரெண்டு பேருக்கும் பாதி பாதி மார்க் குடுத்து அனுப்புங்க. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 8ம் தேதி ராத்திரி சோவியத் போர் அறிவிப்பு, 9 விடியறதுக்குள்ள மஞ்சூரியால படை எறங்குது, அதே நாள் காலைல நாகசாகி. மூணு நாள்ல மூணு இடி. ஜப்பானோட உச்சக் குழு ஆறு பேர், 9ம் தேதி கூடிப் பேசிட்டு இருக்கறப்பவே நாகசாகி சேதி வருது, அப்பவும் மூணுக்கு மூணுதான். பேரரசரை விட்டு வச்சா போதும், சரணடையலாம்னு மூணு பேர், இவ்ளோக்கும் அப்புறம் இன்னும் சில நிபந்தனை வச்சாதான் சரணடையணும்னு மூணு பேர், அதுதான் என்னை உலுக்குது. ராத்திரி ரெண்டு மணி வாக்குல பேரரசர் ஹிரோஹிட்டோ வாயைத் திறந்து போதும்னார். ரஷ்யா மூலமா சமாதானம் பேசலாம்னு அவங்க வச்சிருந்த கடைசி நம்பிக்கையும் சோவியத் வந்ததுல போயிடுச்சு, அது உண்மை. 15ம் தேதி ரேடியோல ஜனங்களுக்குப் பேசினப்ப பேரரசர் எதிரியோட கொடூரமான புது குண்டைச் சொன்னார், சோவியத் பேச்சே இல்ல. 17ம் தேதி சிப்பாய்ங்களுக்கு சொன்ன ஆணைல சோவியத் வந்ததைச் சொன்னார், குண்டைக் காணோம். யாருகிட்ட எந்தக் காரணம் எடுபடும்னு தெரிஞ்ச மனுஷன்.

கேள்வி: ஓப்பன்ஹைமர் கீதையைச் சொன்னாரே, அது சரியான அர்த்தமா? – கும்பகோணம்

"நானே மரணம் ஆனேன், உலகங்களை அழிப்பவன்"னு அவர் சொன்னது 1965ல டிவி பேட்டில, சோதனை வெடிச்ச 1945 ஜூலை 16 அன்னிக்கு அப்படித் தோணுச்சுன்னு நினைவு கூர்ந்தது. கூடவே நின்ன அவர் தம்பி ஃப்ராங்க் ஞாபகத்துல இருந்தது, "வேலை செஞ்சுடுச்சு"ங்கற மாதிரி ஏதோதான். மூலத்துல கண்ணன் சொல்றது "காலோஸ்மி". இங்கிலீஷ்காரனுக்கு அதை மரணம்னு போடறதா, காலம்னு போடறதான்னு தலைவலி. நமக்கு அந்த பிரச்சனையே இல்ல, காலன்னா எமன், காலம்னா நேரம், ரெண்டும் ஒரே வேர், கும்பகோணத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா அந்த இடத்துல கண்ணன் சொல்ல வர்றது நீ இல்லாட்டியும் இவங்க சாகத்தான் போறாங்க, நீ வெறும் கருவி, எழுந்திருன்னு. குண்டு செஞ்ச மனுஷனுக்கு அந்த அத்தியாயம் ஞாபகம் வந்ததுல ஒரு சௌகரியமும் இருக்குன்னு எனக்கு ஒரு சந்தேகம். கருவிங்கறவனுக்குப் பொறுப்பு கிடையாதுல்ல.

கேள்வி: செர்னோபில்ல இன்னும் ஆள் குடியேற முடியல, ஹிரோஷிமால மட்டும் எப்படி ஊரே இருக்கு? – திருநெல்வேலி

குண்டு வெடிச்சது தரைல இல்ல, கிட்டத்தட்ட 600 மீட்டர் உயரத்துல. நெருப்புப் பந்து மண்ணைத் தொடல, அதனால கதிரியக்கக் கழிவுல பெரும்பங்கு சூட்டுல மேல ஏறி காத்தோட பரவிப் போயிடுச்சு. குண்டுல இருந்த யுரேனியமே 64 கிலோ, அதுல பிளந்தது ஒரு கிலோவுக்கும் கம்மி. விபத்து நடந்த செர்னோபில் அணு உலைல எரிபொருள் டன் கணக்குல இருந்துச்சு, பத்து நாள் பக்கத்துல எரிஞ்சு தரையோட தரையா கக்கிட்டே இருந்துச்சு. மண்ணுல, இரும்புல உண்டான கதிரியக்கமும் ஹிரோஷிமால சில நாள்ல வேகமா கொறைஞ்சுடுச்சு. ஆனா அந்த சில நாள்ல சொந்தக்காரங்களைத் தேடி உள்ள போனவங்க, கரும்மழைல நனைஞ்சவங்க கதை வேற. கருப்பா, பிசுபிசுன்னு பெஞ்ச மழை அது, தாகத்துல வாயைத் திறந்து குடிச்சவங்க இருக்காங்க. அதுல நனைஞ்சவங்களையும் பாதிக்கப்பட்டவங்களா ஏத்துக்கணும்னு ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2021ல. எழுபத்தாறு வருஷம்!

ரத்தப் புற்றுநோய் ரெண்டு மூணு வருஷத்துல தலை காட்டி, ஆறேழு வருஷத்துல உச்சத்துக்குப் போச்சு. அந்த நோய் வந்து, குணமாகும்ங்கற நம்பிக்கைல காகிதக் கொக்கு செஞ்ச சிறுமி சடாகோ சசாகி குண்டு விழுந்தப்ப ரெண்டு வயசுக் குழந்தை, செத்தது 1955ல, பன்னெண்டு வயசுல. அமெரிக்கா 1947 வாக்குல அங்க ஒரு ஆராய்ச்சி மையம் திறந்துச்சு. ரத்தம் எடுப்பாங்க, எடை பாப்பாங்க, குறிச்சுக்குவாங்க, வைத்தியம் மட்டும் பாக்க மாட்டாங்க. இத்தனை பேச்சுல எனக்கு கோவம் வந்த இடம் இதுதான். குண்டு போட்டதுக்காவது போர் நடக்குதுன்னு ஒரு காரணம் சொல்லலாம், இதுக்கு என்ன காரணம்? தப்பிச்சவங்களுக்கு கல்யாணம் கூட கஷ்டம் ஆச்சு, புள்ளை ஊனமா பொறக்கும்னு பயந்தாங்க. அப்புறம் பொறந்த குழந்தைங்களை பல வருஷம் ஆராய்ஞ்சதுல அப்படி பரம்பரை பாதிப்பு கூடினதா தெரியல.

எரிஞ்ச மண்ணுல முதல்ல பூத்த பூ அரளின்னு சொல்லுவாங்க, இன்னிக்கு ஹிரோஷிமாவோட நகரப் பூ அதுதான். நம்ம ஹைவே நடுவுல இருக்கே, அதே அரளி.

கேள்வி: இது போர்க்குற்றம்னு எந்தக் கோர்ட்டாவது சொல்லியிருக்கா? – யாழ்ப்பாணம்

குற்றவாளிக் கூண்டுல யாரையும் ஏத்தல, ஜெயிச்சவங்க ஆச்சே. ஜப்பான் தலைவர்கள் மேல போர்க்குற்றம் சாட்டி நடந்த டோக்கியோ விசாரணைல நீதிபதியா உக்காந்த நம்ம ராதா பினோத் பால் மட்டும் தன் மாற்றுத் தீர்ப்புல, பசிபிக் போர்ல கண்மூடித்தனமா ஜனத்தை அழிக்கச் சொன்ன உத்தரவுன்னு தேடினா அணுகுண்டு முடிவுதான் கிட்ட வருதுன்னு எழுதினார். (ஜப்பான் செஞ்ச அட்டூழியத்தை எல்லாம் ஒத்துக்கிட்டும் தலைவர்கள் எல்லாரையும் நிரபராதின்னார், அதுல எனக்கு உடன்பாடு இல்ல.) 1963 டிசம்பர் 7ல டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், குண்டு போட்டது சர்வதேச சட்டத்துக்கு விரோதம்னு தீர்ப்பு சொல்லிச்சு, ஆனா வழக்கு போட்ட பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு கேக்க உரிமை இல்லன்னு சொல்லிட்டுது. அப்புறம் 1996ல ஹேக் சர்வதேச நீதிமன்றம் ஏழுக்கு ஏழு சமமா நிக்க, தலைவர் ஓட்டு போட்டு, அணு ஆயுதத்தைப் பயன்படுத்தறது பொதுவா சட்டவிரோதம், நாடே அழியற நெலமைன்னா மட்டும் எங்களால சொல்ல முடியலன்னு ஒரு வழவழ கருத்து. அந்த "மட்டும்" கூட கூடாது, எந்த நெலமைலயும் தப்புதான்னு நீளமா எழுதி வச்சவர் உங்க இலங்கைக்காரர், நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி.

கேள்வி: நாமளே அணுகுண்டு வச்சுக்கிட்டு அமெரிக்காவைக் கேள்வி கேக்கலாமா? – ஈரோடு

கேக்கலாம், ஆனா கண்ணாடிக்கு முன்னாடி நின்னு. முதல்ல போட மாட்டோம்னு இந்தியா சொல்லியிருக்கு, நல்ல விஷயம். 2003ல வெளியிட்ட கொள்கைலயே இன்னொரு வரியும் இருக்கு, எங்க மேல போட்டா திருப்பி அடிக்கறது பிரம்மாண்டமா, தாங்க முடியாத சேதம் உண்டாக்கற மாதிரி இருக்கும்னு. தாங்க முடியாத சேதம்னா எங்க விழும்னு நினைக்கறீங்க, பொட்டல் காட்டுலயா? காந்தி 1946 ஜூலைலயே எழுதிட்டார், மனுஷகுலத்தைத் தாங்கிப் புடிச்ச மென்மையான உணர்வையே இந்தக் குண்டு மரத்துப் போக வச்சுடுச்சுன்னு.

கேள்வி: நாகசாகி தப்பிச்சு வேற ஊர்ல விழ வேண்டியதுன்னு சொல்றாங்களே? – எட்டாம் வகுப்பு, புதுச்சேரி

தலைகீழா சொல்லிட்டே கண்ணு. வேற ஊர் தப்பிச்சு நாகசாகில விழுந்துச்சு. அன்னிக்கு குறி கோகுரா, அங்க பெரிய ஆயுதக் கிடங்கு. கண்ணால பாத்துதான் போடணும்னு உத்தரவு, மேல போனா மேகமும் புகையும் மறைக்குது. மூணு சுத்து சுத்தினாங்க, கிடங்கு கண்ணுல படல. பெட்ரோல் வேற கொறைஞ்சுட்டே வருது, ஒரு டேங்க்ல இருக்கறதை எடுக்க முடியாம பம்ப் கோளாறு. சரின்னு ரெண்டாவது ஊருக்குத் திருப்பினாங்க. அங்கயும் மேகம்தான், கடைசி நிமிஷத்துல ஒரு ஓட்டை தெரிஞ்சுது. குறி வச்ச இடத்தை விட்டு விலகி உரகாமி பள்ளத்தாக்கு மேல, அங்க இருந்த பெரிய மாதா கோயில் பக்கத்துல போய் வெடிச்சுது.

கோகுரால இருந்தவங்களுக்கு தலைக்கு மேல என்ன சுத்துச்சுன்னே அப்ப தெரியாது. இன்னிக்கு அது கிடாக்யூஷு நகரத்துல ஒரு பகுதி, அந்த ஆயுதக் கிடங்கு இருந்த இடம் பூங்கா. நாகசாகிக்காக அங்க ஒரு மணி வச்சிருக்காங்க, வருஷா வருஷம் ஆகஸ்ட் 9 அன்னிக்கு அந்த ஊர்க்காரங்க வந்து கூடுவாங்க.